அந்தத் தொட்டியை நிரப்பியது நாங்கள்

எனக்கு எழுபத்து நான்கு வயது ஆகிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் நாத்தனார் பிள்ளை. அவள் பிரசவத்தோடு போய்விட்டாள்; பிள்ளையைத் துணியில் சுற்றி நான்தான் தூக்கி வந்தேன். ஆறு பேருக்கும் பன்னிரண்டு கால். அந்தக் கால்களில் முள் ஏறியிருக்கிறது, ஆணி ஏறியிருக்கிறது, ஒரு தடவை வண்டிச் சக்கரமே ஏறியிருக்கிறது. பன்னிரண்டையும் ஒரு விரல் குறையாமல் வளர்த்து ஆளாக்கினேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு வேறு சொத்து கிடையாது.

இப்போது அதில் ஒரு விரல் இல்லை. என் மூத்த மகனின் இடது காலில் சுண்டுவிரல். அது எப்படிப் போனது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். எழுத்துக் கூட்டி எழுத நாள் பிடிக்கும். பிடிக்கட்டும். எனக்கு அவசரம் இல்லை. கோபம்தான் இருக்கிறது, அதுவும் சீக்கிரம் தீருகிற கோபம் இல்லை.

எங்கள் ஊரில் ஒரு துணை சுகாதார நிலையம் உண்டு. நாங்கள் ஆஸ்பத்திரி என்போம். முன்பக்கம் ஒரு அறை. ஊசி, மாத்திரை, பிரஷர் பார்ப்பது எல்லாம் அதில்தான். பின்பக்கம் நர்சம்மா தங்க ஒரு அறையும் அடுப்படியும். மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி. நர்சம்மா ஆவூரில் பிறந்த பெண். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு ஊருக்குப் போவாள், சாயந்திர பஸ்ஸில் திரும்பிவிடுவாள். மற்ற நாளெல்லாம் எங்களோடுதான் இருந்தாள்.

என் மூத்த மகன் கடலை எண்ணெய் மில்லில் வேலை பார்க்கிறான். அவனுக்குச் சர்க்கரை இருக்கிறது. மில்லில் ஒரு தகரம் காலைக் கிழித்தது, புண் ஆறவில்லை. தினமும் துடைத்து, மருந்து வைத்து, புதுக் கட்டுப் போட வேண்டும் என்று புதுக்கோட்டை டாக்டர் சொல்லி அனுப்பினார். காலை ஆறரை மணிக்கு வேலைக்குப் போகிற வழியில் நர்சம்மா வாசலில் போய் உட்காருவான். அவள் பல் விளக்கிக்கொண்டே கதவைத் திறப்பாள்.

"அண்ணே, நேத்து என்ன சாப்ட்டீங்க?"

"ரெண்டு இட்டிலிதான் தங்கச்சி."

"பொய் சொல்லாதீங்க. நீங்க மறைச்சாலும் புண்ணு சொல்லிரும். பலாப்பழம் தின்னீங்களா இல்லியா?"

அவன் சிரிப்பான். அவள் திட்டிக்கொண்டே கட்டுப் போடுவாள். புண் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி வந்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வந்துவிட்டது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

மாசி மாதம் ஆஸ்பத்திரி போர்க் கிணறு வறண்டது. மோட்டாரைப் போட்டால் காற்றைத்தான் இழுத்தது. எங்கள் பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் தைல மரம், அதுதான் யூகலிப்டஸ். தண்ணீர் எங்கே போகிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நர்சம்மா ஒரு மாதம் குடம் குடமாகச் சுமந்து பார்த்தாள். புண்ணைத் தொட்ட கையைக் கழுவ வேண்டும், கத்திரியைக் கொதிக்க வைக்க வேண்டும், தான் குளிக்க வேண்டும். எத்தனை குடம் போதும்? பங்குனியில் புதுக்கோட்டையில் வீடு பார்த்துப் போய்விட்டாள். பத்து மணி பஸ்ஸில் வருவாள், மூன்று மணி பஸ்ஸில் போவாள். அவள்மேல் நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பத்து மணிக்கு என் மகன் மில்லில் நிற்கிறான். முதலாளி விட மாட்டார். தினம் போட்ட கட்டு வாரத்துக்கு ஒன்று ஆனது.

மனு எழுதினோம். ஊராட்சி ஆபீஸில் கொடுத்தோம். பார்க்கிறோம் என்றார்கள்.

அப்போதுதான் எம்.எல்.ஏ. வருகிறார் என்று சேதி வந்தது. தொகுதியில் ஊர் ஊராகப் போய் வயல், மில், ஆஸ்பத்திரி எல்லாம் பார்க்கிறாராம். எங்கள் ஊருக்கு மறுநாள் காலையில். ஊராட்சி கிளார்க் சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனான். "ஆஸ்பத்திரி வாசலக் கூட்டி வைங்க. கோலம் போட்டா நல்லாருக்கும்."

இனி நான் எழுதுவது என் தப்பு. இதை நான்தான் எழுத வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது.

சாயந்திரம் ஆஸ்பத்திரி வாசலில் பெண்கள் கூடினோம். நான் கேட்ட முதல் கேள்வி: "வாரவருக்குக் கை கழுவத் தண்ணிக்கு என்ன பண்றது?"

என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தன் பெண்டாட்டி, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "கொழாயத் தொறந்து பாக்கட்டும்க்கா. காத்து வரட்டும். அதப் பாக்கத்தானே வாராரு."

"அடியே, ஊருக்கு வந்த மனுசன் வறண்ட வாயோட, கழுவாத கையோட போனாருன்னு பேரு வரணுமா?"

"வந்தா வரட்டும். நமக்குப் பேரு வேணுமா, தண்ணி வேணுமா?"

"எனக்கு ரெண்டும் வேணும். நீ கொடத்தத் தூக்கு."

நான் சொன்னால் எங்கள் தெருவில் மறுபேச்சு கிடையாது. அந்தத் திமிர் எனக்கு உண்டு. விடிந்ததும் பதினொரு பேர் கிளம்பினோம். மேற்கே அரை மைல் தள்ளி ஒரு பம்புசெட். கரண்ட் இருக்கிற நேரம் பார்த்துப் பிடித்தோம். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. ஆஸ்பத்திரி படியில் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி மாடித் தொட்டிக்கு ஏற்றினோம். கடைசிக் குடத்தை நானே ஊற்றினேன். தொட்டியின் கழுத்து வரை தண்ணீர். எட்டிப் பார்த்தேன், என் முகம் தெரிந்தது. மனசு நிறைந்து போனது. அந்த நிறைவை இப்போது நினைத்தால் வாயில் கசக்கிறது.

அவர் முதலில் மில்லுக்குப் போனார். மில் முதலாளி மாலை போட்டார், வறுத்த கடலை கொடுத்தார். போட்டோ எடுக்கும்போது என் மகனைப் பார்த்து, "நீ செத்த நேரம் மூட்டைக்குப் பின்னால நில்லுப்பா" என்றாராம். காலில் கட்டு இருந்ததுதான் காரணம். இருபத்திரண்டு வருஷம் அந்த மில்லில் மூட்டை புரட்டியவன், எம்.எல்.ஏ. வந்த அன்றைக்கு மூட்டைக்குப் பின்னால் நின்றான். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. கூட வேலை பார்ப்பவன் சொன்னான்.

பிறகு மூன்று கார் ஆஸ்பத்திரிக்கு வந்தது. வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். என் இளைய மகன் வயசு இருக்கும். நேராக என்னிடம் வந்து கும்பிட்டார்.

"ஆத்தா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்ங்க. வாங்க, உள்ள வாங்க."

செம்பில் தண்ணீர் கொடுத்தேன். அண்ணாந்து குடித்தார், ஒரு சொட்டு சட்டையில் விழவில்லை. வந்தவர் தண்ணீர் குடித்து உட்கார்ந்து மூச்சு விடும் வரைக்கும் நம் குறையைச் சொல்லக் கூடாது. என் மாமியார் வீட்டு வழக்கம் அது, நானும் மீறியதில்லை. அதனால் மனுவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் உட்காரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். நர்சம்மா சுவரோரம் நின்றாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவளைப் பார்க்கவில்லை. கடலை தின்ற கையை நீட்டி அவர் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. ஒருத்தன் செல்போனில் படம் பிடித்தான்.

"அட, நல்ல ஃபோர்ஸா வருதே. இந்த வெயில்ல பல ஊருல சொட்டு கூட இல்ல."

கிளார்க் சிரித்தான். அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தான்.

நான் மனுவை எடுத்து நீட்டினேன். "ஐயா, இங்க தண்ணி இல்லைங்க. போரு வறண்டு போச்சுங்க."

அவர் குழாயைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "ஆத்தா, என் கை இன்னும் காயல" என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நாங்கள் சுமந்து ஊற்றிய தண்ணீர் இது என்று ஒரு வார்த்தை. வரவில்லை. விருந்தாளிக்குச் சோறு போட்டுவிட்டு, இது பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய அரிசி என்று எந்தப் பெண் சொல்வாள்? அவருடைய பி.ஏ. என் கையிலிருந்து மனுவை வாங்கி, வந்த சால்வைகளின் மடிப்புக்குள் செருகினான். கார் கிளம்பிவிட்டது.

அரை மணி கழித்துப் பார்த்தால் ஆஸ்பத்திரி வாசலில் கோலம் கரைந்து ஓடுகிறது. குழாயை மூடாமல் போயிருக்கிறார்கள். எல்லோரும் காரை வழியனுப்பத் தெருமுனைக்குப் போயிருந்தோம். திரும்பி வருவதற்குள் பதினொரு பேர் சுமந்தது மண்ணுக்குள் போய்விட்டது. ஓரகத்தி ஈர மண்ணைக் காலால் தட்டினாள்.

"பேரு வந்துருச்சாக்கா?"

நான் உள்ளே போய்க் குழாயை மூடினேன்.

பிறகு மனுக் கொடுத்த ஆபீஸுக்குப் போனோம், நானும் ஓரகத்தியும். புதுப் போர் போடும் ஊர்களின் பட்டியலில் எங்கள் ஆஸ்பத்திரி இருந்ததாம், அடித்துவிட்டார்களாம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் செல்போனைத் திருப்பிக் காட்டினார். அதில் எம்.எல்.ஏ. கை கழுவுகிறார். பக்கத்தில் செம்பை வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன், பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

"இது நீங்கதானம்மா? நேருல பாத்து ஆய்வு பண்ணியாச்சு. தண்ணி இருக்கு."

"நாங்க சொமந்து ஊத்துனதுங்க அது."

"யாரு சொமக்கச் சொன்னா?"

யார் சொன்னது? நான்தான் சொன்னேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு குழாயைத் திறந்து பார்ப்பதா ஆய்வு? எங்கள் வீட்டில் மாடு வாங்கினால்கூட நாலு வேளை பால் கறந்து பார்த்துத்தான் வாங்குவோம். கேட்பதற்கு அவருக்குப் பக்கத்திலேயே நர்சம்மா நின்றாள். நீ எங்கே தங்கியிருக்கிறாய் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். கேட்கவில்லை. வந்தார், கழுவினார், போனார்.

ஐப்பசி மழையில் என் மகன் புண் நனைந்தது. விரல் கறுத்தது. புதுக்கோட்டையில் சேர்த்தோம், எடுத்துவிட்டார்கள். எடுத்ததை ஒரு பாத்திரத்தில் வைத்துத் துணி மூடிக் கொண்டு போனார்கள். பெற்றவள் நான் வாசலில் நின்றேன். டாக்டர் வெளியே வந்து, "கட்டு தவறக் கூடாதும்மா. தவறினா அடுத்தது பாதம்" என்றார். அந்த வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை. பாதம் இல்லாதவனை எந்த மில்லில் வைத்துக்கொள்வார்கள்? இப்போது மருமகள்தான் கட்டுகிறாள். அவள் கை நல்ல கைதான். ஆனால் புண் எங்கே நல்லது, எங்கே கெட்டது என்று பார்த்துச் சொல்ல நர்சம்மாவின் கண் வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் லீவு போட்டு அவளிடம் காட்டுகிறான்.

இந்தப் பங்குனியில் எங்கள் கொல்லையில் கடலை பறித்தோம். கொல்லை என்றால் ரோட்டோரப் புஞ்சை. உச்சி வெயில். மூன்று கார் வந்து நின்றது. யார் என்று கேட்க வேண்டியதில்லை. இந்தத் தடவை வயல் பார்க்கிறாராம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினார், ஒரு செடியைப் பிடுங்கினார், மண்ணை உதறி இரண்டு காய் தின்றார். போன் படம் பிடித்தது.

"மகசூல் எப்படி ஆத்தா?"

"பரவால்லங்க."

என்னை அடையாளம் தெரியவில்லை. ஆயிரம் கிழவிகளைப் பார்க்கிறவர், அதற்கு நான் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "ஆத்தா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

வேப்ப மர நிழலில் குடம் இருந்தது. மேலே செம்பு கவிழ்த்து வைத்திருந்தது. எல்லோருக்கும் தெரிகிற மாதிரிதான் இருந்தது.

"இல்லைங்க" என்றேன்.

எழுபத்து நான்கு வருஷத்தில் தண்ணீர் கேட்டவருக்கு நான் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கடலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நிமிர்ந்து நின்றார்கள்.

பி.ஏ. குடத்தைக் காட்டினான். "அந்தா இருக்கே, பெரியம்மா."

"அது இந்தப் பொம்பளைங்க சொமந்து வந்தது. பொழுது சாயுற வரைக்கும் அவங்களுக்கு வேணும்." பிறகு அவர் பக்கம் திரும்பினேன். "போன சித்திரையில ஆஸ்பத்திரியில நீங்க கை கழுவுனீங்களே, அதுவும் இவங்க சொமந்ததுதாங்க. அரை மைலு. நீங்க வாரீங்கன்னு விடியக்காலம் எந்திரிச்சு ஊத்துனோம். கொழாய மூடாமப் போயிட்டீங்க."

அவர் முகம் மாறியது.

"அன்னைக்கே சொல்லிருக்கலாமே ஆத்தா."

"வந்தவரு மொகத்துல அடிக்கிற மாதிரி எப்படிங்க சொல்றது? சொல்லாதது என் தப்பு. ஒத்துக்கிறேன். கேக்காதது உங்க தப்பு. கொழாயத் தொறந்தீங்க, மாடியில ஏறித் தொட்டியில எட்டிப் பாத்தீங்களா? நர்சம்மாவ ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கிளார்க் ஓடி வந்தான். "பெரியம்மா, அவருகிட்டப் போயி இப்படி..."

என் ஓரகத்தி அங்கிட்டிருந்து குரல் கொடுத்தாள். "நீ சும்மா இருடா. அன்னைக்குச் சிரிச்சவன்தானே நீயி."

நான் நிறுத்தவில்லை. "என் மகனுக்கு ஒரு வெரலு போச்சுங்க. அடுத்தது பாதம்னு சொல்றாங்க. நர்சம்மா இங்க தங்குனா பொழைக்கும். அவ தங்கணும்னா தண்ணி வேணும். எனக்கு ஒங்க சால்வையும் வேணாம், போட்டோவும் வேணாம். போரு போட்டுக் குடுங்க."

"எழுதிக் குடுங்க ஆத்தா. நானே பாக்குறேன்."

"எழுதித்தான் குடுத்தேன். இந்தத் தம்பி சால்வைக்குள்ள மடிச்சு வச்சாரு."

பி.ஏ. தலையைக் குனிந்துகொண்டான். எம்.எல்.ஏ. ரோட்டுக்கு ஏறினார். காரில் இருந்து ஒருவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். குளிர்ந்த தண்ணீர், பாட்டில் வேர்த்திருந்தது. பாதியைக் குடித்தார், மீதியில் கையைக் கழுவினார். எங்கள் வாய்க்கால் ஓரத்திலேயே கழுவினார்.

அவர் போன பிறகு நான் நிழலில் போய் உட்கார்ந்தேன். ஓரகத்தி செம்பில் தண்ணீர் மோந்து என் கையில் கொடுத்தாள்.

"இப்பத்தான்க்கா நீ மனுசி" என்றாள்.

"போடி" என்றேன். ஆனால் குடித்தேன்.

பத்து நாள் கழித்து இரண்டு பேர் வந்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அளந்தார்கள். சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரு முளையை அடித்துவிட்டுப் போனார்கள். இங்கேதான் போர் என்றார்கள். ஒரு மாதம் ஆகிவிட்டது. அந்த முளையில் இப்போது யாரோ ஆடு கட்டுகிறார்கள். நர்சம்மாவிடம் காட்டினேன். "தண்ணி வரட்டும் ஆத்தா, அன்னைக்கே பெட்டியோட வாரேன்" என்றாள். வருவாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

வருகிற வெள்ளிக்கிழமை அவர் மறுபடியும் மில்லுக்கு வருகிறாராம், புது மிஷினைத் திறந்து வைக்க. எழுதிக் கொடுங்கள் என்றாரே, எழுதிவிட்டேன். மனு என்றால் ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும் என்று கிளார்க் சொல்கிறான். ஒரு பக்கத்தில் என் மகன் கால் அடங்காது. இந்த நோட்டை யார் கையிலும் கொடுக்கப் போவதில்லை. மில் வாசலில் என் மகன் மூட்டைக்கு முன்னால் நிற்பான், கட்டுப் போட்ட காலோடு. பக்கத்தில் நான் நிற்பேன். என் மகனின் மகள், காலேஜில் படிக்கிறவள், முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் அவர் காதுபட வாசிப்பாள். வெயில் அடித்தாலும் அவர் நின்று கேட்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் ஒரு குடம் கூடச் சுமக்க மாட்டோம்.

அதற்கு முன்னால் பேத்தியை ஒரு தடவை வாசிக்கச் சொல்லிச் சரி பார்க்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். நான் திட்டியிருப்பதைத் திருத்தக் கூடாது.

ஆத்தா, இங்கிட்டு வா. உங்கப்பன் கட்டில் பக்கத்துல ஒக்காரு, அவனும் கேக்கட்டும். மொதல்லேருந்து வாசி, அவசரப்படாம வாசி. அந்தச் செம்பை எடு. தண்ணி குடிச்சிட்டு ஆரம்பி.